இறங்கிப் பார்க்கும் கலங்கரை விளக்கம்

கலங்கரை விளக்கம் என்றால் அண்ணாந்து பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். கலிபோர்னியாவின் பாயின்ட் ரேயஸ் முனையில் இருப்பதைப் பார்க்க 313 படிகள் இறங்க வேண்டும். இறங்கினால் 37 அடி உயரத்தில், பதினாறு பக்கங்களோடு ஓர் இரும்புக் கூண்டு.

முனையின் உச்சி ஏறத்தாழ 600 அடி. அங்கேயே கட்டியிருக்கலாமே? குளிர்ந்த கடல்நீரைத் தொட்டு வரும் ஈரக்காற்று அங்கே அடர்ந்த மூடுபனியாகிவிடுகிறது. உச்சி மறைந்து கிடக்கும் நாள்களிலும் கீழே ஓரளவு கண் தெரியும். அதனால் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, பாதிச் சரிவில் இடம் சமைத்தார்கள். உயரத்தை விட்டுக்கொடுத்த இந்த முடிவுதான் எனக்கு அந்த விளக்கின் முதல் அழகு.

இரண்டாவது அழகு, 1867இல் பாரிஸில் செய்து, தென் அமெரிக்காவைச் சுற்றிக் கப்பலில் வந்த ஃபிரெனெல் வில்லை. எண்ணெய்த் திரியின் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறக்கூடியது. அதைத் திரட்டிக் கடலுக்கு அனுப்ப ஒரே கண்ணாடியில் வில்லை செய்தால் எடை தாங்காது. வேண்டாத கனத்தை நீக்கி, ஒளியை வளைக்கும் விளிம்புகளை மட்டும் வளையம் வளையமாக அடுக்கலாம் என்று கண்டவர் ஃபிரெனெல். இங்கே அப்படி 24 பலகங்கள். வில்லை ஒருமுறை சுற்ற 2 நிமிடம். ஆக, 5 விநாடிக்கு ஒரு மின்னல். அந்த இடைவெளியை எண்ணியே மாலுமி இது எந்த முனை என்று அறிந்தான்.

சுழற்றியது கடிகாரப் பொறி. கீழிறங்கும் எடைக்கல் அதை இழுக்கும். 2 மணி 20 நிமிடத்துக்கு ஒருமுறை காவலர் கையால் சாவி கொடுக்க வேண்டும், பனியிலும் புயற்காற்றிலும், இரவு முழுக்க. 1870 டிசம்பர் 1 முதல் 1975 வரை அந்த வில்லைதான் வழிகாட்டியது. பிறகு தானியங்கி விளக்கு வந்தது.

1906 ஏப்ரல் 18, அதிகாலை 5:12. சான் பிரான்சிஸ்கோவைக் குலைத்த நிலநடுக்கத்தில் இந்த முனை, விளக்கோடு சேர்ந்து, ஒரு நிமிடத்துக்குள் 18 அடி வடக்கே நகர்ந்தது. கோபுரம் நின்றது, வில்லை தடத்திலிருந்து வழுவியது. 5:25க்கு எப்படியும் அணைக்க வேண்டிய விளக்கு. இழந்தது 13 நிமிட வெளிச்சம். காவலர்கள் வில்லையைத் திரும்பத் தடத்தில் ஏற்றினார்கள். அன்று மாலை மறுபடி 5 விநாடிக்கு ஒரு மின்னல்.