ஆள்வோரைக் குறை வந்தடையும் வழி: இடைக்கால வியூக விளையாட்டுகளை முன்வைத்து

ஐரோப்பிய இடைக்காலத்தைக் களமாகக் கொண்ட கணினி வியூக விளையாட்டுகள் இன்று பல மாணவர்க்கு அக்காலத்து மன்னர்களைப் பற்றிய முதல் அறிமுகமாக அமைகின்றன. நூலகத்தில் வரலாற்று நூலொன்றைக் கையிலெடுக்கும் முன்னரே, மன்னன் என்பவன் எத்தகையவன், அவன் எதனால் கெடுகிறான் என்பன குறித்து அவர்களிடம் ஒரு கருத்து உருவாகிவிடுகிறது. அக்கருத்து எவ்விதிகளால் உருவாக்கப்படுகிறது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஆள்வோர்க்கும் படைத்தலைவர்க்கும் குணக்குறைகள் வந்து சேரும் முறையினை இருவேறு விளையாட்டு வரிசைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இங்கிலாந்து நாட்டுக் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மெடீவல்: டோட்டல் வார்' என்னும் விளையாட்டு, மன்னர், இளவரசர், படைத்தலைவர் ஆகியோர்க்கு நற்பண்பு தீப்பண்புப் பட்டியல் ஒன்றினை இணைத்தது. 2004இல் வெளிவந்த 'ரோம்', 2006இல் வெளிவந்த 'மெடீவல் 2' ஆகியவற்றில் இவ்வமைப்பு மிக விரிவடைந்தது. படைநடத்தும் திறன், சமயப்பற்று, வீரநெறி அல்லது அச்சுறுத்தல், மன்னனாயின் அதிகாரம், பிறராயின் விசுவாசம் என ஒவ்வொருவர்க்கும் சில அளவைகள் உண்டு. பண்புக்கூறுகள் இவ்வளவைகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

இப்பண்புக்கூறுகளை ஆளும் விதிகள் எளிய உரைக்கோப்பு ஒன்றில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு விதியும் மூன்று வினாக்களுக்கு விடை கூறுகிறது. எப்போது சோதிப்பது? எந்நிலை நிறைவேறியிருத்தல் வேண்டும்? நிறைவேறின் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? சான்றாக, ஓர் ஆட்டமுறை முடியும்போது தலைவன் நகரத்தினுள் தங்கியிருக்கிறானா, அந்நகரில் மதுக்கடை போன்ற கட்டடம் உள்ளதா எனச் சோதிக்கப்படும். இருப்பின், குடிப்பழக்கத்திற்கு ஒரு புள்ளி சேரக்கூடும். புள்ளிகள் ஒரு வரம்பினை எட்டும்போதுதான் பண்புக்கூறு ஆட்டக்காரரின் கண்ணுக்குப் புலனாகிறது. மேலும் புள்ளி சேர, அடுத்த படி. இவ்வாறு அளவோடு குடிப்பவன் படிப்படியாகக் குடிக்கு அடிமையாகிறான். எதிர்ப்பண்பு ஒன்றின் புள்ளிகள் சேருமாயின் முன்னவை கழிந்துபோகும்; எனினும் சில பண்புகளுக்குத் திரும்பவியலாப் படி ஒன்றும் குறிக்கப்பட்டுள்ளது. அதனைக் கடந்தபின் மீட்சி இல்லை.

இங்கு வாய்ப்பின் கணக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. 'மெடீவல் 2' விளையாட்டில் இரண்டு ஆட்டமுறைகளுக்கு ஒருவன் ஓர் அகவை மூப்படைகிறான். நாற்பதாண்டு பொதுவாழ்வு எனின் எண்பது ஆட்டமுறைகள். ஒரு முறைக்கு 2 விழுக்காடு என்னும் மிகச் சிறிய வாய்ப்பினை எடுத்துக்கொண்டாலும், எண்பது முறைகளில் ஒரு தடவையேனும் அது நிகழ்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு ஆகும். நகரத்தில் வாளாவிருப்பவன் கெடுவது தற்செயல் போலத் தோன்றினும், நெடுநாள் இருப்பின் அது ஏறக்குறைய உறுதியே. (இதே விளையாட்டில் நாட்காட்டி முறைக்கு இரண்டாண்டு நகர்வதால், அம்மனிதன் நாற்பதாண்டு மூப்பதற்குள் உலகில் 160 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. காலக்கணக்கில் கண்டிப்பான வரலாற்றாசிரியர்கள் இதனைப் பொறுத்தருளல் வேண்டும்.)

குறைகள் பிறக்கும் இடங்கள் பலவாம். போர்க்களத்தினின்று பின்வாங்கியவனுக்குக் கோழைமை சேரலாம். சிறைப்பட்டோரைக் கொன்றவனுக்கு அச்சுறுத்தல் கூடும். விடுவித்தவனுக்கு வீரநெறி கூடும். தந்தையிடம் ஒரு குறை இருப்பின் மைந்தன் பருவமெய்தும்போது அது தொடரும் வாய்ப்பும் உண்டு. இவையனைத்தினும் நாம் வியந்து நோக்குவது கருவூலம் பற்றிய விதியாகும். அரசின் கருவூலத்தில் பொன் மிகுதியாகக் குவிந்து கிடக்குமாயின், நகரத்தில் தங்கும் ஆளுநர்க்குக் கையூட்டு, கையாடல் முதலிய குறைகள் பற்றத் தொடங்குகின்றன. அவ்வாளுநர் தவறான முடிவெதனையும் எடுக்கவில்லை. அரசு செல்வமுற்றது, அவர் அருகில் இருந்தார். அவ்வளவே.

இதனால் ஆட்டக்காரர்கள் மேற்கொண்ட உத்திகள் சுவையானவை. ஒவ்வொரு முறையும் கருவூலத்தைச் செலவிட்டுத் தாழ்வாக வைத்தல், நல்ல தலைவர்களை நகர்களுக்கு வெளியே நிறுத்துதல், ஆளுநரே இன்றி நகரை விட்டுவைத்தல் என்பன அவற்றுட் சில. குணம் கெடாதிருக்க ஆட்சி செய்யாதிருப்பதே வழி என்னும் முடிவுக்கு விதிகளே அவர்களை இட்டுச்சென்றன. இது வடிவமைப்பின் குறைபாடு எனச் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பதவியும் ஓய்வும் செல்வமும் மனிதனை மெல்ல மாற்றுகின்றன என்பதை எண்களால் உணர்த்தும் முயற்சியாகவே இதனைக் கொள்ளலாம். இடைக்கால வரலாற்றுக் குறிப்பாளர் பலர் மன்னனின் குணக்கேட்டினைக் காரணமாகவும் நாட்டின் வீழ்ச்சியை விளைவாகவும் எழுதினர். இவ்விளையாட்டு அவ்வரிசையை மாற்றி, சூழலைக் காரணமாகவும் குணத்தை விளைவாகவும் வைக்கிறது. மாணவர்க்கு இது பயனுள்ள அதிர்ச்சியே.

சுவீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'குரூசேடர் கிங்ஸ்' வரிசை (2004, 2012, 2020) வேறொரு கோட்பாட்டினைக் கொண்டது. அதில் நாம் ஆடுவது ஒரு நாட்டினை அன்று, ஒரு குடிவழியினை. குழந்தை வளரும்போதே சினம், பேராசை, நாணம், இரக்கம் போன்ற இயல்புகள் அமைகின்றன. சில உடற்கூறுகள் பிறப்பால் வருவன. மூன்றாம் பதிப்பில் குறை பிறக்கும் வழி மனவழுத்தம் என்னும் அளவையாகும். இரக்கமுடைய மன்னன் ஒருவனைக் கொல்ல ஆணையிட்டால், அச்செயல் அவன் இயல்புக்கு மாறாதலின் மனவழுத்தம் ஏறுகிறது. கொடியோனுக்கு அவ்வாறு ஏறுவதில்லை. அளவை 100, 200, 300 என்னும் எல்லைகளை எட்டும்போது உள்ளம் உடைகிறது. அப்போது அவன் குடியையோ, மிகையுணவையோ, தன்னைத்தானே சவுக்காலடித்துக்கொள்வதையோ, தனிமையையோ புகலிடமாகத் தேடுகிறான். அப்புகலிடமே புதிய குறையாக அவன் பெயருடன் ஒட்டிக்கொள்கிறது.

முன்னையதில் குடி மதுக்கடையிலிருந்து வந்தது. இதில் அது மனச்சான்றிலிருந்து வருகிறது. நல்லியல்புடையோனே அரசாட்சியின் தேவைகளால் விரைந்து நொறுங்குகிறான் என்பது இதன் உட்பொருள். ஒரே குறைக்கு இத்தனை வேறுபட்ட இரு பிறப்பு வரலாறுகள் எழுதப்பட்டுள்ளமை, குணம் பற்றிய எந்த விதியும் ஒரு கோட்பாடே என்பதனைக் காட்டுகிறது.

இவ்வரிசையின் இரண்டாம் பதிப்பு 2014இல் இந்தியத் துணைக்கண்டத்தையும் நிலப்படத்துள் கொணர்ந்தது. மூன்றாம் பதிப்பில் அது தொடக்கம் முதலே உள்ளது. ஆகவே நார்மன் பிரபுவுக்கும் தென்னிந்திய வேந்தனுக்கும் பெரும்பாலும் ஒரே பண்புப் பட்டியல்தான். இந்தியவியல் பயின்றோர்க்கு இங்கு அர்த்தசாஸ்திரத்தின் எட்டாம் அதிகரணம் நினைவுக்கு வருதல் இயல்பு. அதில் மன்னனின் கேடுகள் சினத்திற் பிறப்பன மூன்று, காமத்திற் பிறப்பன நான்கு என வகுக்கப்பட்டு, வேட்டை, சூது, மகளிர், குடி ஆகியவற்றுள் எது கொடியது என முன்னோர் கருத்துகளை மறுத்தும் ஏற்றும் வாதிடப்படுகிறது. அந்நூல் குறைகளை உணர்ச்சியின் வேரால் வகைப்படுத்துகிறது. 'டோட்டல் வார்' அவற்றை இடத்தாலும் நிகழ்வாலும் வகைப்படுத்துகிறது. இரண்டிலும் பொதுவானது குறைகளைத் தரப்படுத்தி எண்ணிவிடலாம் என்னும் நம்பிக்கை.

இனி, இவ்விளையாட்டுகள் எதனை மறைக்கின்றன என்பதற்கு வருவோம். 'மெடீவல் 2' விளையாட்டில் சில பண்புகள் குறித்த படியை எட்டியவுடன் மன்னனின் பெயருக்குப் பின் அடைமொழி ஒன்று தானே சேர்கிறது. அவன் கொடுஞ்செயல்கள் புரிந்தான், புள்ளிகள் சேர்ந்தன, கொடியவன் என்னும் பெயர் வந்தது. இதில் பெயரிட்டவர் என எவரும் இல்லை. வரலாற்றில் அடைமொழி அவ்வாறு பிறப்பதில்லை.

காஸ்டீல் நாட்டை 1350 முதல் 1369 வரை ஆண்ட முதலாம் பேதுரோவைக் கருதுவோம். 'கொடியவன்' என்னும் அடைமொழியாலேயே அவன் பெரிதும் அறியப்படுகிறான். அவன் ஆட்சிக் காலத்து வரலாற்றை விரிவாக எழுதியவர் பேரோ லோபெஸ் தே அயலா. அவர் முதலில் பேதுரோவிடம் பணிபுரிந்து, 1366இல் அவனுடைய மாற்றாந்தாய் மகனும் பகைவனுமான என்ரிக்கேயின் பக்கம் சேர்ந்தவர். 1369இல் மொந்தியேலில் பேதுரோவைக் கொன்று அரியணையில் நிலைபெற்றவன் அந்த என்ரிக்கே. பேதுரோவின் சார்பாளரோ அவனை 'நீதிமான்' என்றனர். ஒரே மனிதன், ஏறத்தாழ ஒரே செயல்கள், இரண்டு பெயர்கள். பேதுரோ பலரைக் கொல்வித்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கொலைகள் கொடுமையா தண்டனையா என்பதனை முடிவு செய்தது, எப்பக்கம் வென்றது என்பதும் எவர் எழுதினார் என்பதுமே.

மொழியாசிரியர்க்கு இன்னும் சுவையானது இங்கிலாந்தின் ஏதல்ரெட் மன்னன் (978–1016) பெற்ற அடைமொழி. அவன் பெயரின் பொருள் 'சீரிய அறிவுரை' என்பதாகும். அதனைப் பகடி செய்து 'உன்ரேட்', அஃதாவது 'கெட்ட அறிவுரை', என்னும் பெயர் ஒட்டப்பட்டது. அவன் இறந்து நூறாண்டுகளுக்கும் பின்னரே அது ஏட்டில் காணப்படுகிறது. பிற்காலத்தில் அச்சொல்லின் பொருள் மறைந்து, ஒலியொத்த வேறொரு சொல் அவ்விடத்தில் அமர, 'ஆயத்தமற்றவன்' என்றே அவன் அறியப்படலானான். ஒரு சொல்லின் திரிபு ஒரு மன்னனுக்குப் புதிய குறையொன்றினை வழங்கியுள்ளது! எந்தப் புள்ளிக் கணக்கிலும் இவ்வழி இல்லை.

'குரூசேடர் கிங்ஸ்' இக்குறையை ஓரளவு உணர்ந்தே அமைக்கப்பட்டுள்ளது எனலாம். அதில் கொலையும் பிறன்மனை விழைதலும் முதலில் மறைசெய்திகளாகவே இருக்கும். பிறர் கண்டறிந்து வெளிப்படுத்திய பின்னரே அவை பண்புக்கூறுகளாகப் பெயருடன் சேர்கின்றன. அன்றியும், ஓர் இயல்பு ஒரு சமயத்தார்க்கு நற்பண்பாகவும் மற்றொரு சமயத்தார்க்குப் பாவமாகவும் எண்ணப்படும். காண்போரைப் பொறுத்தே குறை என்னும் கருத்து இங்குச் சிறிதளவு நுழைகிறது. எனினும் செய்யாத குற்றத்தைப் பகைவனின் எழுதுகோல் ஒருவன்மேல் ஏற்றி, அதனைப் பல நூற்றாண்டுகள் நிலைக்கச் செய்யும் வழி அதன் விதிகளில் மிக மெலிந்தே காணப்படுகிறது.

இவ்விளையாட்டுகளை அறிந்த மாணவர்க்கு இடைக்கால வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், பேதுரோவுக்கு எத்தனை அச்சுறுத்தல் புள்ளிகள் வழங்கலாம் என்று வகுப்பில் வினவலாம். மாணவர் எண்ணொன்றைக் கூறியதும், அதனை அயலாவின் நூலைக் கொண்டு கூறுகின்றனரா, 'நீதிமான்' என்றோரின் கூற்றைக் கொண்டு கூறுகின்றனரா என்பது அடுத்த வினாவாகும்.