வலது காலிலிருந்து இடது காலுக்கு

திருவண்ணாமலையில் பழைய புல்லட்டுக்கு மவுசு குறைந்ததே இல்லை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டி நின்றால், வாடகை வண்டியில் வெளிநாட்டுக்காரர், சொந்த வண்டியில் பெங்களூர்க்காரர், அப்பாவின் வண்டியில் உள்ளூர்ப் பிள்ளை என்று வரிசையாகப் போவார்கள். டேங்க், ஹெட்லைட், டுபுடுபு சத்தம் எல்லாம் அன்றிருந்தபடியே இருக்கும். மாறியிருப்பது கியர் பாக்ஸ்.

1955ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் செய்த புல்லட்டுக்கு இங்கிலாந்தின் ஆல்பியன் வடிவமைப்பில் நாலு கியர் பாக்ஸைப் பொருத்தியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதுதான் ஓடியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே அமுக்க வேண்டும். கியர் லீவருக்குப் பக்கத்திலேயே நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சின்ன லீவர். நாலாவது கியரில் வந்துகொண்டிருக்கும்போது தேரடி வீதியில் மாடு குறுக்கே நின்றுவிட்டால், கிளட்ச்சைப் பிடித்து அந்த லீவரைக் குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் போதும், வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். ஒவ்வொரு கியராக இறங்கி வர வேண்டியதில்லை. கோயில் ஊரின் நெரிசலுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறெந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

எண்பதுகளில் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தபின் ஒரு தலைமுறையே இடது காலில் கியர் போட்டுப் பழகியது. அந்தக் காலோடு பழைய புல்லட்டில் ஏறுவது நிஜமாகவே ஆபத்து. பதற்றத்தில் வலது காலை அமுக்கினால் பிரேக் பிடிக்காது, மேல் கியர் விழும். 'ரைட் கியர் வண்டியா? வேண்டாம்ணே' என்று மெக்கானிக்கிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதே வார்ப்பிரும்பு எஞ்சினோடு, இடது காலில் அஞ்சு கியர் போடும்படி கம்பெனியே எலெக்ட்ரா 5எஸ் கொண்டுவந்தது. பழைய வண்டிக்காரர்களுக்கு வழி திறந்தது அப்போதுதான். அந்தக் காலத்து புல்லட்டில் எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனி. எஞ்சினின் முதுகில் கியர் பாக்ஸை ஸ்டட் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டலாம்.

சொல்ல சுலபம். கோணிச்சாக்கில் இரண்டு பாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேலை எவ்வளவு என்று புரியும். பிரைமரி கவர், கிளட்ச், பிரைமரி செயின் எல்லாம் கழன்றாக வேண்டும். கிளட்ச்சையும் பெடல்களையும் புது பாக்ஸ் வந்த வண்டியிலிருந்தே சேர்த்து எடுப்பது நல்லது. கலந்துகட்டினால் ஏதாவது ஒன்று உரசும். பிரேக் பெடலை வலப்பக்கம் கொண்டுபோய், பிரேக் லைட் சுவிட்ச்சுக்கும் இடம் பார்க்க வேண்டும். பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது.

இவ்வளவும் செய்து கிடைப்பதென்ன? அஞ்சாவது கியர் இருப்பதால் வேகம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். கூடாது. இங்கிலாந்தில் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் ஃபோர்டு சியராவின் அஞ்சு கியர் பாக்ஸை ஏற்றுவார்கள். அதில் அஞ்சாவது 0.82. அதாவது ஓவர்டிரைவ். அதே வேகத்துக்கு எஞ்சின் 18 சதவீதம் குறைவாகச் சுற்றும். புல்லட்டில் அப்படியில்லை. பழைய நாலாவதும் 1, புதிய அஞ்சாவதும் 1. நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாகச் சுற்ற வேண்டுமானால் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டிக்கொள்ளலாம். 17க்குப் பதில் 18 போட்டால் சுற்று ஐந்தரை சதவீதம் குறையும்.

உண்மையான லாபம் கியர்களின் இடைவெளியில் இருக்கிறது. பழையதில் மூன்றாவது 1.36, அடுத்தது நேராக 1. மூன்றாவதில் 3,000 சுற்றில் போகிறவர் மேல் கியர் போட்டால் எஞ்சின் 2,200க்கு விழும். புதியதில் நாலாவது 1.21 என்பதால், அதே சுற்றில் நாலாவதிலிருந்து அஞ்சாவதுக்குப் போனால் 2,480ல் நிற்கும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் மலை ஏறியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பழைய பாக்ஸில் மூன்றாவது கதறும், நாலாவது இழுக்காது. புதிய நாலாவது அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வண்டியை ஏற்றிவிடும். கியரும் மெத்தென்று விழுகிறது. இரண்டு கியருக்கு நடுவே நழுவி நிற்கிற தொல்லையும் குறைவு.

தினமும் ஓட்டுகிறவர், அதுவும் வீட்டில் இன்னொரு இடது கியர் வண்டி வைத்திருப்பவர், தயங்காமல் மாற்றிக்கொள்ளட்டும். எழுபதுக்கு முந்தைய வண்டி, எல்லா பாகமும் ஒரிஜினலாக இருக்கிறது என்றால் கைவைக்க வேண்டாம். காலைப் பழக்கிக்கொள்ளலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றாலும் பழைய பாக்ஸை எடைக்குப் போடாமல், எண்ணெய் விட்டுக் கட்டி வையுங்கள். அடுத்து வாங்குகிறவர் தேடுவார்.

எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய யுசிஇ வண்டிகள் வந்தபின் இந்த மாற்று வேலைக்குப் புதிய பாக்ஸ் பிறக்கவில்லை. கிளாசிக் 350லிருந்து கியர் பாக்ஸை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே 5எஸ் வகையறா பாக்ஸுக்குத்தான் கிராக்கி. சென்னை புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்புகிறார்கள். அங்கே வாங்குகிறவர்கள் ஷாஃப்டைக் கையால் சுற்றி அஞ்சு கியரும் விழுகிறதா, ஸ்லீவில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.