சைபீரிய ஹஸ்கி குட்டிகளின் கழிப்பிடப் பயிற்சி

சைபீரிய ஹஸ்கி குட்டிகளின் கழிப்பிடப் பயிற்சி என்பது, வீட்டினுள் வளரும் சைபீரிய ஹஸ்கி இன நாய்க்குட்டிகளை, வீட்டுக்கு வெளியே குறித்த ஓர் இடத்தில் மட்டும் சிறுநீரும் மலமும் கழிக்கப் பழக்குவதாகும். இப்பயிற்சி எல்லா நாய்க்குட்டிகளுக்கும் பொதுவானதே. ஆயினும் வீட்டார் அனைவரும் காலையில் வெளியே சென்று மாலையில் திரும்பும் வீடுகளில், பயிற்சியும் குட்டியின் தனிமையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கூட்டமாக வாழ்வதற்கும் நெடுந்தொலைவு ஓடுவதற்கும் தேர்ந்து வளர்க்கப்பட்ட ஹஸ்கி இனத்தில் இச்சிக்கல் கூடுதலாக வெளிப்படுகின்றது. வீட்டை அசுத்தம் செய்தல், பொருள்களைக் கடித்துச் சிதைத்தல், ஓயாது ஊளையிடுதல் ஆகியவை நாய்கள் காப்பகங்களில் கைவிடப்படுவதற்கான காரணங்களுள் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை நாயின் குணக்கேட்டால் நிகழ்பவை அல்ல. குட்டியின் உடல் தாங்கும் நேரத்துக்கும் வீட்டாரின் வேலை நேரத்துக்கும் உள்ள இடைவெளியால் நிகழ்பவை.

இனத்தின் பின்னணி

சைபீரிய ஹஸ்கியின் மூதாதைகள், வடகிழக்குச் சைபீரியாவின் சுக்கோத்காப் பகுதியில் சுக்சி மக்கள் வளர்த்த பனிவண்டி நாய்கள் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவை அலாஸ்காவின் நோம் நகருக்குப் பனிவண்டிப் பந்தயங்களுக்காகக் கொண்டுவரப்பட்டன. 1925ஆம் ஆண்டு அந்நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகள் தம் நாய்க் கூட்டங்களுடன் மாறி மாறி ஓடி, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்தனர். அவ்வோட்டத்தின் மிக நீண்ட பகுதியை லியோனார்ட் செப்பாலாவின் கூட்டம் டோகோ என்னும் நாயின் தலைமையில் கடந்தது. 1930இல் அமெரிக்கக் கென்னல் கழகம் இதனைத் தனி இனமாக ஏற்றது.

இவ்வரலாறு பயிற்சிக்குப் புறம்பானது அன்று. பனிவண்டி நாய் பிற நாய்களோடும் மனிதரோடும் சேர்ந்தே இயங்கியது. தனித்திருத்தல் அதன் வாழ்வில் இருந்ததில்லை. காவல் நாயைப் போல ஓரிடத்தில் அமர்ந்திருப்பதற்காகவும் அது வளர்க்கப்படவில்லை. 16 முதல் 27 கிலோகிராம் வரையே எடையுள்ள நடுத்தர நாயாக இருந்தும், நாள் முழுதும் ஓடவல்லது. அந்த ஆற்றல் அடைபட்ட அறையில் நாற்காலிக் கால்களின் மீதும் கதவுச் சட்டத்தின் மீதும் இறங்குவதில் வியப்பில்லை.

2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான கேம் ஆஃப் துரோன்ஸ் தொலைக்காட்சித் தொடரில் ஓநாய்கள் இடம்பெற்றதை அடுத்து, ஓநாய்த் தோற்றமுள்ள ஹஸ்கிகளைப் பலர் விரும்பி வாங்கினர். வாங்கியவர்களுள் பலர் பின்னர் அவற்றைக் காப்பகங்களில் விட்டுச் சென்றதால், 2017இல் அத்தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜ், தோற்றத்தை மட்டும் பார்த்து ஹஸ்கிகளை வாங்க வேண்டாம் என வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். தொடரின் முதற்பருவத்தில் குட்டி ஓநாய்களாக நடித்தவை ஹஸ்கிகளே அல்ல, நார்தர்ன் இன்யூட் என்னும் வேறோர் இனத்தவை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

குட்டியின் உடல் எல்லை

எட்டு வார வயதில் குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. அதனை மூடிவைக்கும் சுருக்குத் தசையின் கட்டுப்பாடும் முழுமை பெற்றிருக்காது. ஆகவே 'அடக்கிக்கொள்' என்று கற்பிப்பதற்கு அவ்வயதில் அடிப்படையே இல்லை. பயிற்சியாளர்கள் ஓர் எளிய தோராயக் கணக்கைப் பயன்படுத்துகின்றனர். குட்டியின் வயதை மாதங்களில் எடுத்து, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண்ணே பகலில் அது அடக்கக்கூடிய மணி நேரங்களின் மேல் எல்லை. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு. விளையாட்டின்போது இது இன்னும் வெகுவாகக் குறையும். இரவு உறக்கத்தில் சற்றுக் கூடும்.

இக்கணக்கை ஒரு வேலைநாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலை 8 மணிக்குப் பூட்டிய வீடு மாலை 6 மணிக்குத் திறக்கப்படுமாயின், இடைப்பட்ட நேரம் 10 மணி. மூன்று மாதக் குட்டியை இந்நேரத்தில் குறைந்தது இரண்டு முறை எவரேனும் வெளியே கொண்டுசெல்லாவிடில், வீடு அசுத்தமாவது தற்செயல் அன்று; கழித்தல் கணக்கின் விடை. எந்தப் பயிற்சி முறையும் இவ்விடையை மாற்றாது. வளர்ந்த நாயும்கூட பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே செல்வது நலம்.

குட்டி எப்போது கழிக்கும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே கூற இயலும். உறங்கி எழுந்தவுடன், உணவுண்ட சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரத்துக்குள், விளையாட்டின் நடுவிலும் முடிவிலும் கழிக்கும். இரைப்பையில் உணவு சேர்ந்தவுடன் பெருங்குடல் இயங்கத் தொடங்கும் அனிச்சை வினையே உணவுக்குப் பின் மலம் கழிப்பதன் காரணம் ஆகும். எனவே உணவைக் குறித்த நேரங்களில் கொடுத்தால் கழிக்கும் நேரமும் ஒழுங்குபடும். கிண்ணத்தில் நாள் முழுதும் உணவை விட்டுவைத்தால் அவ்வொழுங்கு கெடும். தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் நாள் முழுதும் நிறுத்திவைத்தல் ஆகாது.

பயிற்சி முறை

வீட்டில் ஆள் இருக்கும் நேரங்களிலேயே உண்மையான பயிற்சி நடைபெறுகின்றது. குட்டியைக் கழுத்துவாரும் கயிறும் இட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே வாயில் வழியாக, ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ஐந்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். கழித்து முடித்த கணமே, அவ்விடத்திலேயே, பாராட்டும் சிறு தின்பண்டமும் தரப்பட வேண்டும். வீட்டுக்குள் வந்தபின் தரப்படும் தின்பண்டம், கழித்ததற்கு அன்றி, உள்ளே வந்ததற்கான பரிசாகவே குட்டிக்குப் புரியும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. கழித்தவுடன் உலாவை முடித்து வீடு திரும்பினால், கழிப்பது இன்பத்தின் முடிவு என்று குட்டி கற்றுக்கொள்ளும். வெளியே இருக்கும் நேரத்தை நீட்டிக்க அடக்கிவைத்து, உள்ளே வந்ததும் விரிப்பின்மீது கழிக்கும். வெளியுலகின்மீது தீராத ஆர்வம் கொண்ட ஹஸ்கிகளிடம் இது அடிக்கடி காணப்படுகின்றது. முதலில் கழித்தல், பிறகே விளையாட்டும் உலாவும் என்பது சரியான வரிசை. ஐந்து நிமிடத்தில் கழிக்காத குட்டியை உள்ளே கொண்டுவந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கண்பார்வையில் வைத்திருந்து, மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டும்.

தடுப்பூசித் தொடர் முடியும் வரை, அதாவது ஏறத்தாழ 16 வார வயது வரை, பிற நாய்கள் கழிக்கும் பொது இடங்களைத் தவிர்ப்பது நல்லது. பார்வோ தீநுண்மி மண்ணில் நெடுநாள் அழியாமல் இருக்கக்கூடியது. சொந்த முற்றமோ தோட்டமோ உள்ளவர்களுக்கு இக்காலத்தில் தொல்லை குறைவு.

வீட்டினுள் அசுத்தமான இடத்தை நொதி கலந்த துப்புரவு நீர்மத்தால் கழுவ வேண்டும். மனித மூக்குக்கு மணம் நீங்கிய இடமும் நாய்க்குக் கழிப்பிடமாகவே தோன்றும். அமோனியா கலந்த துப்புரவுப் பொருள்கள் சிறுநீரை ஒத்த மணம் உடையவையாதலால் அவை தவிர்க்கப்பட வேண்டும்.

நீண்ட நேரத் தனிமை

கூண்டுப் பயிற்சி, நாய்கள் தாம் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யத் தயங்கும் இயல்பை அடிப்படையாகக் கொண்டது. கூண்டானது குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், கால்நீட்டிப் படுக்கவும் போதுமான அளவில் இருத்தல் வேண்டும்; அதனினும் பெரிதாயின் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிவிடும். ஓரிரு மணி நேரத்துக்கு இது சிறந்த கருவி. பத்து மணி நேரத்துக்கு அன்று. அடக்க இயலாத குட்டி தன் படுக்கையிலேயே கழிக்க நேர்ந்து, சில நாள்களில் அந்த இயல்பான தயக்கத்தையே இழந்துவிடும். பின்னர் அதனை மீட்பது மிகக் கடினம். நெருக்கமான கூடுகளில் அடைத்து வளர்த்து விற்கப்படும் குட்டிகளுக்குப் பயிற்சியளிப்பது அரிதாக இருப்பதன் காரணமும் இதுவே.

ஆள் இல்லாத நீண்ட நேரத்துக்கு வேறோர் ஏற்பாடு தேவை. பிரித்தானியாவில் பிறந்த கால்நடை மருத்துவரும் பயிற்சியாளருமான இயன் டன்பார் இதற்கு ஒரு முறையைப் பரவலாக்கினார். குட்டிக்கு ஆபத்தில்லாத ஒரு சிறு அறையைத் தேர்ந்து, ஒரு கோடியில் படுக்கையும் தண்ணீரும், எதிர்க் கோடியில் கழிப்பிடமும் அமைக்க வேண்டும். அக்கழிப்பிடம் தட்டில் பரப்பிய உண்மையான புல்தரையாக இருத்தல் சிறப்பு. குட்டிகள் தம் காலடியில் உணரும் பரப்பை வைத்தே கழிப்பிடத்தை அடையாளம் காண்கின்றன. இவ்விருப்பம் சில வார வயதிலேயே உருவாகத் தொடங்குகின்றது. செய்தித்தாளில் பழகிய குட்டி வெளியே தாளைத் தேடும். புல்லில் பழகியதோ வெளியே சென்றதும் புல்லை அடையாளம் காணும்.

அறையில் மின்கம்பிகளும், கடித்து விழுங்கக்கூடிய துணிகளும் இருத்தல் கூடாது. அன்றாட உணவின் ஒரு பகுதியை உள்ளீடற்ற ரப்பர் பொம்மைகளில் அடைத்துக் கொடுத்தால், குட்டி அதனை நக்கி எடுப்பதில் நேரத்தைச் செலவிடும். வீட்டார் புறப்படும் முன் உலாவும் விளையாட்டும் முடித்திருந்தால் அதன்பின் நெடுநேரம் உறங்கும். எலும்பு வளர்ச்சி முடியும் வரை, அதாவது ஏறத்தாழ 12 முதல் 18 மாதம் வரை, மிதிவண்டியின் பின்னே ஓடவிடுவது போன்ற கடும் பயிற்சிகள் மூட்டுகளுக்குத் தீங்கானவை.

இவ்வளவும் செய்தாலும் நண்பகலில் ஒருவர் வந்து செல்வதற்கு ஈடில்லை. அண்டை வீட்டாரோ, கூலிக்கு நாய் உலாத்துபவரோ, வீட்டாருள் ஒருவர் மாற்று நேரத்தில் பணிபுரிவதோ எதுவாயினும் பொருந்தும். அதற்கு வழியில்லாத வீட்டில், குட்டியைவிட வளர்ந்து பழகிய நாயைத் தத்தெடுப்பதே நேர்மையான தெரிவு எனலாம். தோட்டத்தில் விட்டுச் செல்வது தீர்வாகாது. ஹஸ்கி மண்ணைத் தோண்டி வேலியின் அடியிலும், தாவி வேலியின் மேலாகவும் தப்புவதில் பெயர்பெற்றது. தப்பிய ஹஸ்கிக்குக் கோழியும் பூனையும் இரையாகவே தோன்றும்.

தண்டனையின் பயனின்மை

மாலையில் வீடு திரும்பியவர் அசுத்தத்தைக் கண்டு குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பது பழைய வழக்கம். நாய் ஒரு விளைவைத் தன் செயலோடு தொடர்புபடுத்த வேண்டுமாயின் இரண்டும் சில நொடிகளுக்குள் நிகழ வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு முன் கழித்ததற்கான அடி, வீட்டார் திரும்பி வந்ததோடு மட்டுமே தொடர்புறும். 'ஆனால் அது தலைகுனிந்து நிற்கிறதே, தன் தவறு அதற்குத் தெரிகிறது' என்பர் பலர். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்சு 14 நாய்களைக் கொண்டு இதனைச் சோதித்தார். குற்றவுணர்வு போலத் தோன்றும் அம்முகபாவம், நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அமையாமல், உரிமையாளர் கடிந்துகொண்டாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது. அது குற்றவுணர்வு அன்று, கடிந்துகொள்பவருக்கான எதிர்வினையே.

கழிக்கும்போதே கண்டால், திடுக்கிடச் செய்யாமல் இடைமறித்து வெளியே தூக்கிச் செல்ல வேண்டும். அடிவாங்கிய குட்டி மனிதர் முன் கழிப்பதே ஆபத்து என்று கற்று, நாற்காலியின் பின்னே மறைந்து கழிக்கும்; வெளியே கயிற்றில் பிடித்திருக்கும்போதும் கழிக்க மறுக்கும்.

இரண்டு குட்டிகள்

தனிமைக்கு மருந்தாக ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை வாங்குவோர் உண்டு. இரண்டாம் குட்டி துணையாகுமேயன்றி ஆசிரியர் ஆகாது. சிறுநீர்ப்பையின் எல்லை இரண்டுக்கும் ஒன்றே. எந்தக் குட்டி எங்கே கழித்தது என்பதும் தெரியாமற்போகும். இரண்டையும் தனித்தனியே வெளியே அழைத்துச் சென்று, தனித்தனிக் கூண்டுகளில் உறங்கவைத்து, நாளில் சிறிது நேரமேனும் ஒன்றையொன்று பிரிந்திருக்கப் பழக்குதல் வேண்டும்.

தனிமை அச்சம்

பயிற்சி முடிந்த நாய் மீண்டும் வீட்டினுள் கழிக்கத் தொடங்கினால், முதலில் சிறுநீர்த் தொற்று போன்ற நோய் உள்ளதா எனக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோய் இல்லையாயின், ஆளில்லாத வீட்டில் ஒளிப்படக் கருவி ஒன்றை இயங்கவிட்டால் காரணம் பெரும்பாலும் விளங்கும். வீட்டார் புறப்பட்ட அரை மணி நேரத்துக்குள்ளேயே ஊளையிட்டு, எச்சில் வடித்து, வாயிற்கதவைப் பிராண்டினால் அது தனிமை அச்சம் ஆகும். முதலில் உறங்கி, பிறகு எழுந்து, நிதானமாகத் தலையணையைக் கிழிப்பது சலிப்பு. ஆள் இருக்கும்போதும் மறைவிடத்தில் கழிப்பது நிறைவுறாத பயிற்சி. மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு.

தனிமை அச்சத்துக்கு, நொடிகளில் தொடங்கிப் படிப்படியாகப் பிரிவு நேரத்தை நீட்டும் பயிற்சி அளிக்கப்படுகின்றது. கடும் நிலையில் மருத்துவர் மருந்தும் பரிந்துரைப்பார். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கென குளோமிப்பிரமின் 1998இலும், ஃபுளுவாக்சிட்டின் 2007இலும் நாய்களுக்கு ஒப்புதல் பெற்றன. மனிதருக்கான மாத்திரையைத் தாமாகக் கொடுப்பது ஆபத்தானது.

சட்டங்களும் தட்பவெப்பமும்

சில நாடுகள் இதனை உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. சுவீடனின் விதிகள், நாய்களைப் பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்றும், குட்டிகளை அதனினும் அடிக்கடி கொண்டுசெல்ல வேண்டும் என்றும் கூறுகின்றன. செருமனியில் நாய்களைப் போதுமான அளவு வெளியே இயங்கவிடுதல் கட்டாயம்.

வெப்பநாடுகளில் தனிமைக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஹஸ்கியின் இரட்டை மயிர்ப்போர்வை கடுங்குளிருக்கானது. நண்பகல் தார்ச்சாலை உள்ளங்காலைச் சுடுமாதலால் கழிப்பதற்கான உலாவை விடியலுக்கும் இரவுக்கும் மாற்ற வேண்டியிருக்கின்றது. பகல் முழுதும் குட்டி குளிரூட்டிய அறையையே நம்பியிருக்கின்றது. பூட்டிய வீட்டில் மின்தடை ஏற்பட்டால், கவனிக்க ஆளில்லாத நிலையில் வெப்பத்தாக்கால் நாய் இறக்கவும் கூடும். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், மாநிலத்தின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என இனப்பெருக்கத்துக்கு விலக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் சைபீரிய ஹஸ்கியும் இடம்பெற்றது.