கப்பல் ஒன்று எரிந்தது, விசாரணைகள் எத்தனை?

2025 ஜூனில் மன்னார்க் கரையில் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. மே 25 இல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்து அவை வந்ததாகச் சொல்லப்பட்டது. கண்டல் காட்டையும் ஆழமில்லாத கடலையும் நம்பி வாழும் விடத்தல்தீவு போன்ற ஊருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இப்படி ஏதும் நடந்தால் "விசாரணை நடக்கிறது" என்பார்கள். கேட்பவர்கள் அதை நம்புவதில்லை. அந்தச் சந்தேகத்தில் எது நியாயம், எது பிழை என்று பிரித்துப் பார்க்க எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் கதை உதவும்.

நடந்தது என்ன?

2021 மே 20 இல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்களும், அவற்றுள் 25 தொன் நைட்ரிக் அமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகளும் இருந்தன. அமிலக் கொள்கலன் கசிவது வரும் வழியிலேயே தெரிந்திருந்தது. அதை இறக்க கட்டாரின் ஹமாத்தும் குஜராத்தின் ஹசீராவும் இடம் கொடுக்கவில்லை. ஜூன் 2 இல் ஆழ்கடலுக்கு இழுக்கும்போது கப்பலின் பின்புறம் கடலடியில் தட்டியது. பாணந்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டது.

ஒரு விபத்து, பல கேள்விகள்

கப்பல் சிங்கப்பூர்க் கொடியுடையது. எனவே அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பணியகம் விசாரித்தது. அதன் வேலை, இப்படி இன்னொன்று நடக்காமல் தடுப்பது மட்டுமே. குற்றவாளியைப் பெயர் சொல்லிக் காட்டுவது அதன் பொறுப்பில் இல்லை. குற்றத்தைத் தேடுவது இலங்கையின் குற்றப் புலனாய்வுத் திணைக்களம். சேதத்தைக் கணக்கிட்டது நிபுணர் குழு. அது சொன்ன தொகை 640 கோடி அமெரிக்க டொலர். நட்டஈட்டை முடிவு செய்வது நீதிமன்றங்கள். பாதுகாப்பு அறிக்கையில் குற்றவாளி பெயர் இல்லை என்பதற்காக அதை மூடிமறைப்பு என்று சொல்வது பிழை.

சந்தேகம் எங்கே நியாயம்?

உள்ளூர் முகவர் நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டதாக 2021 இலேயே சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றில் கூறியது. வழக்கைத் தடுக்க 25 கோடி டொலர் கைமாறியதாகத் தகவல் கிடைத்தது என்று 2023 இல் அன்றைய நீதி அமைச்சரே பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டில் அரசு வழக்கைக் கொழும்பில் போடாமல் சிங்கப்பூரில் போட்டது. ஏன் என்ற கேள்வி எழுந்தது. மறுபுறம், லண்டன் நீதிமன்றம் கப்பல் தரப்பின் பொறுப்பை 1.9 கோடி பவுணுக்குள் மட்டுப்படுத்தியது.

சூழலியலாளர்களும் மீனவர்களும் கொழும்புப் பேராயரும் தொடுத்த மனுக்களில் உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24 இல் தீர்ப்பளித்தது. கப்பல் தரப்பு 100 கோடி டொலர் கட்ட வேண்டும் என்றது. விபத்து நடந்தபோது பதவியில் இருந்த இராஜாங்க அமைச்சரும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையின் தலைவரும் கடமை தவறியதாகவும் கண்டது. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் செத்ததும் தீர்ப்பில் பதிவானது. ஆனால் இவ்வளவு பெரிய தொகையைக் கட்ட மாட்டோம் என்று கப்பல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி செப்டெம்பரில் சொல்லிவிட்டார். அரசு பேசாமல் விட்ட இடத்தில் நீதிமன்றம் பேசியது. பணம் கைக்கு வருவது வேறு கதை.

கேட்க வேண்டியவை

எந்த விசாரணை அறிக்கையையும் நம்புவதற்கு முன் நாலு விஷயம் பார்க்கலாம். யார் நியமித்தது? என்ன கேள்வியை விசாரிக்கச் சொன்னார்கள்? தவறு செய்திருக்கக்கூடிய திணைக்களமே தன்னை விசாரிக்கிறதா? அறிக்கை வெளியானதா, சொன்ன பரிந்துரைகளில் எது நடந்தது? இவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

நட்டஈட்டுக்கு இன்னொன்றும் வேண்டும். விபத்துக்கு முந்திய கணக்கு இல்லாவிட்டால் பிந்திய இழப்பை நிறுவ முடியாது. அன்றாடம் பட்ட மீனும் நண்டும் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்பதைக் கடற்றொழிலாளர் சங்கம் திகதியோடு எழுதி வைக்க வேண்டும். குருணை ஒதுங்கினால் இடமும் நேரமும் தெரியப் படமெடுத்து, கொஞ்சம் போத்தலில் அடைத்து, பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள். அதிகாரி தரும் கணக்கைச் சந்தேகிக்க, நம் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.