கண்டி வீதிகளில் வாழ்ந்து காட்டப்பட்ட நற்செய்தி

இறைவார்த்தையைக் கேட்பதோடு நின்றுவிடாமல் அதன்படி நடப்பவர்களாகவும் இருக்க வேண்டும் என்று புனித யாக்கோபு தமது திருமுகத்தில் நம்மை அழைக்கின்றார் (யாக்கோபு 1:22-25). கேட்டதைச் செயற்படுத்தாதவரை, கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பால் சென்றதும் அதனை மறந்துவிடும் மனிதருக்கு அவர் ஒப்பிடுகின்றார். இன்று விவிலியம் இல்லாத கத்தோலிக்க இல்லத்தைக் காண்பது அரிது. மாலைச் செபத்தின்போது அதனை வாசிக்கின்றோம். அன்பியக் கூட்டங்களிலே அதனைக் குறித்துக் கலந்துரையாடுகின்றோம். ஆயினும், இரவிலே வாசித்த வார்த்தை மறுநாள் காலையில் நமது வாசற்படியைத் தாண்டி அயலவரிடம் செல்கின்றதா? இக்கேள்விக்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது மலைநாட்டின் தலைநகராம் கண்டியிலே, 300 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குருவானவர் அதற்கு விடையாக வாழ்ந்து காட்டினார்.

அவரே இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேவாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு கோவாவிலே பிறந்த அவர், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையை வந்தடைந்தார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதன் பின்னர் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டு, குருக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலியின்றி, ஆயனின்றி வாழ்ந்தது அம்மக்கள் கூட்டம். பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செபங்களும் நற்செய்தி நிகழ்வுகளுமே அவர்களது விசுவாசத்தை அணையாமல் காத்தன. கையிலே நூல் இல்லாத நாட்களில் குடும்பமே விவிலியமாக இருந்தது என்பதை, இன்று எல்லா வசதிகளோடும் வாழும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

1692இல் அடிகளார் கண்டி இராச்சியத்திற்கு வந்தார். வந்தவுடன் அவருக்குக் கிடைத்தது வரவேற்பு அல்ல, சிறைவாசமே. போர்த்துக்கேயரின் ஒற்றர் என அவர்மீது பழி சுமத்தப்பட்டது. அந்நாட்களை அவர் வீணே கழிக்கவில்லை. காவலிலே இருந்தபடியே செபித்தார். சிங்கள மொழியைக் கற்றார். தமிழையும் அவர் கற்றிருந்தார். இறைவார்த்தை மக்களின் உள்ளத்தைத் தொட வேண்டுமாயின் அது அவர்களது சொந்த மொழியிலே ஒலிக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கடும் வறட்சியின்போது அவர் மழைக்காக மன்றாடிய நிகழ்வையும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவருக்குச் சுதந்திரம் வழங்கியதையும் நம்மில் பலர் அறிவோம். ஆனால், அதைவிட ஆழமாக நம் உள்ளத்தில் பதிய வேண்டிய நிகழ்வு 1697இல் இடம்பெற்றது.

அவ்வாண்டு கண்டியிலே வைசூரி நோய் பரவியது. மருந்தறியாத அக்காலத்தில் வைசூரி என்ற சொல்லே மரண ஓலமாக ஒலித்தது. மன்னரும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரை அவர்களது சொந்த உறவினரே கைவிட்டனர். பலர் காட்டுப் புறங்களுக்குத் துரத்தப்பட்டனர். எல்லோரும் வெளியேறிய அந்நகரிலே யோசேவாஸ் அடிகளார் தங்கினார். அவரது உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாரும் அவரோடு இணைந்துகொண்டார். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, குடிசைகளிலும் வீடுகளிலும் சேர்த்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். கிறிஸ்தவரா, பௌத்தரா, இந்துவா என அவர்கள் வினவவில்லை. நோயாளி என்பதே போதுமான அடையாளமாக இருந்தது.

பசித்திருந்தேன், நோயுற்றிருந்தேன், நீங்கள் என்னிடம் வந்தீர்களா என இறுதி நாளில் ஆண்டவர் கேட்கவிருக்கும் கேள்வி (மத்தேயு 25:31-46) அடிகளாருக்குப் புதியதன்று. பன்முறை வாசித்து, மறையுரைகளிலே விளக்கியும் இருப்பார். ஆனால் அவ்வாண்டு கண்டியின் வெறிச்சோடிய வீதிகளிலே, அப்பகுதியின் பொருளை அவர் தம் கரங்களால் எழுதினார். விவிலியத்தை ஆழமாகக் கற்றோம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறு என்ன இருக்க முடியும்?

இங்கே நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. மன்னர் அடிகளாரின் தொண்டைப் பெரிதும் மதித்தார்; எனினும் அவர் இறுதிவரை பௌத்தராகவே வாழ்ந்தார். அதற்காக அடிகளாரின் அன்பு குறையவுமில்லை, அவரது பணி வீணாகவுமில்லை. நல்ல சமாரியர் குற்றுயிராய்க் கிடந்தவரிடம் எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்கவில்லை அல்லவா? (லூக்கா 10:25-37). பிறர் நம்மைப் புகழ வேண்டும், நம்மோடு சேர வேண்டும் என்ற கணக்கோடு செய்யப்படும் உதவி வியாபாரமாகிவிடும். கைம்மாறு கருதாத அன்பே கிறிஸ்துவின் அன்பு. பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் அருகருகே வாழும் கண்டியிலே, நம்மை அறிந்தவர் பலர் விவிலியத்தை ஒருபோதும் திறக்காமல் இருக்கலாம். அவர்கள் வாசிப்பது நமது வாழ்க்கையையே.

அச்சம் அன்பை வென்றுவிடும் சூழ்நிலைகள் நம் காலத்திலும் வந்தன. 2020இல் கொரோனா நோய் பரவியபோது, நோயுற்ற குடும்பத்தின் வாசலைப் பார்க்கவும் அயலார் அஞ்சினர். அவ்வேளையிலும் உணவுப் பொதியை வாசலில் வைத்துவிட்டு, தொலைபேசியில் ஆறுதல் கூறியவர்கள் இருந்தனர். 2025 நவம்பரில் டித்வா புயலும் மண்சரிவுகளும் கண்டி மாவட்டத்தைப் பெரிதும் வாட்டியபோது, வீடிழந்தோர் பலர் அயலவரின் அன்பிலே அடைக்கலம் தேடினர். பேரிடர் வேளையில் நாம் இரங்குகின்றோம், அது நன்று. ஆனால் பேரிடர் கடந்த பின்னரும் துயரம் தொடர்கின்றது என்பதை மறந்துவிடக் கூடாது.

அன்றாட வாழ்விலே நாம் செய்யக்கூடியவை பல. தோட்டப் புறங்களிலிருந்து கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் முதியவர்களுள் சிலருக்குச் சிங்களம் தெரியாது. எந்த வரிசையில் நிற்பது, வைத்தியர் சொன்னது யாது, மருந்தை எப்போது உட்கொள்வது என்பதறியாமல் தயங்கி நிற்பர். இரு மொழியும் அறிந்த நம் இளையோர் அரை மணி நேரம் அவர்களோடு நின்றால், அது எத்துணை பெரிய அறப்பணி! அரச அலுவலகத்திலே ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் அத்தகையதே. மொழி கற்று மக்களுக்குப் பணியாற்றிய யோசேவாஸ் அடிகளாரின் வழியில் நடப்பதற்கு இது எளிய தொடக்கமாகும். அடுத்த வீட்டிலே தனித்திருக்கும் தாயை நலம் விசாரித்தல், பேசாதிருக்கும் உறவினரிடம் முதலில் பேசுதல் ஆகியனவும் வாழப்படும் விவிலியமே.

இதற்கு நம் குடும்பங்கள் ஒரு சிறு வழக்கத்தை மேற்கொள்ளலாம். வரும் ஞாயிறு நற்செய்தியைச் சனிக்கிழமை மாலையில் அனைவரும் கூடி வாசிப்போம். சற்று மௌனமாயிருப்போம். இப்பகுதி யாரை நினைவூட்டுகின்றது, அவருக்காக இவ்வாரம் நாம் செய்யும் ஒரு செயல் எது என ஒருவரையொருவர் கேட்போம். அடுத்த சனிக்கிழமை, அச்செயல் நிறைவேறியதா எனப் பார்த்த பின்னரே புதிய பகுதிக்குச் செல்வோம். பிள்ளைகள் இவ்வழக்கத்தை விரைவில் பற்றிக்கொள்வார்கள். பெரியோரை நினைவூட்டவும் செய்வார்கள்.

யோசேவாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலே இறையடி சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் செய்யத் தவறியதை இறக்கும் வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது என்பதே அவர் தம் உடன் பணியாளருக்கு விட்டுச்சென்ற அறிவுரை என்பர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் கொழும்பிலே அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவரது கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவர் விதைத்த விசுவாசம் இத்தீவெங்கும் தழைத்து நிற்கின்றது.

அவரது திருவிழாவை ஜனவரி 16இல் கொண்டாடுகின்றோம். அதற்குச் சில நாட்களின் பின்னர், திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ஏற்படுத்திய இறைவார்த்தை ஞாயிறு, பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று வருகின்றது. வார்த்தையையும் அன்பையும் பிரிக்க முடியாது என்பதை இவ்விரு நாட்களும் அடுத்தடுத்து வந்து நமக்கு நினைவூட்டுவதாகக் கொள்வோமாக.

இறைவா, உமது வார்த்தையை ஆவலோடு வாசிக்கும் உள்ளத்தையும், வாசித்ததை அயலவருக்குச் செய்யும் துணிவையும் எங்கள் குடும்பங்களுக்குத் தந்தருளும். புனித யோசேவாஸே, எங்களுக்காக மன்றாடும். ஆமென்.