பல திரைகள், ஒரே காலம்

ஒரு திரையிலே ஒரு படத்தைக் காட்டுவது நமக்கெல்லாம் நன்கு பழகிய செய்தி. ஆனால், இன்றைய கலைக்கூடங்களுக்குச் செல்வோர் வேறொரு வகைக் காட்சியையும் காண்கின்றனர். இருண்ட மண்டபமொன்றிலே மூன்று, ஐந்து, ஒன்பது எனத் திரைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு படம் ஓடுகின்றது. எனினும் அவை தனித்தனிப் படங்களல்ல. எல்லாம் சேர்ந்தே ஒரு படைப்பு. ஒரு திரையில் நிற்பவர் பேச, எதிர்த் திரையில் நிற்பவர் விடையிறுக்கிறார். ஒன்றிலே எறிந்த பந்து மற்றொன்றிலே வந்து விழுகின்றது. அத்திரைகள் யாவும் ஒரே காலத்தில் நடத்தலே இத்தகைய படைப்பின் உயிர். அந்த நேர ஒற்றுமையை எவ்வாறு உண்டாக்குவது, உண்டாக்கியதை எவ்வாறு காப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1927 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ், தம்முடைய நெப்போலியன் படத்தின் இறுதிப் பகுதியை மூன்று புரொஜெக்டர்களைக் கொண்டு பக்கம் பக்கமாக மூன்று திரைகளிற் காட்டினார். 1952 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் சினராமா என்னும் முறை அரங்கேறியது. அதிலும் மூன்று புரொஜெக்டர்கள். அவற்றோடு ஒலிக்கென ஏழு தடங்கள் கொண்ட தனிச் சுருள் ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று மின்வழிப் பிணைத்த மோட்டர்கள் ஓட்டின. ஒரு சுருள் அறுந்துவிட்டால், கெட்ட பகுதியை வெட்டி இரு முனைகளையும் வெறுமனே ஒட்டிவிட இயலாது. வெட்டியெறிந்த படங்கள் எத்தனையோ, அத்தனை அளவுள்ள கரிய சுருளை இடையில் வைத்து ஒட்ட வேண்டும். இல்லையேல் அந்தத் திரை மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு ஓடிவிடும். 1959 ஆம் ஆண்டிலே மொஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கக் கண்காட்சியில் சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஏழு பெருந்திரைகளில் 2,200 க்கும் மேற்பட்ட படங்களைக் காட்டிய பொழுதும், ஏழும் ஒன்றாய் நடந்தாலன்றிக் காட்சி பொருள்படாது என்ற நிலையே இருந்தது.

சுருள்கள் போய்க் கணினிகள் வந்த பின்னர் இத்தொல்லை தீர்ந்துவிட்டது எனப் பலர் எண்ணுவர். எல்லாக் கருவிகளையும் ஒரே வேளையில் முடுக்கிவிட்டால் போதுமே என்பர். இங்கேதான் அடிப்படையான வேறுபாடொன்றை நாம் உணர வேண்டும். ஒன்றாகத் தொடங்குதல் வேறு. ஒன்றாக நடத்தல் வேறு. நமது கோயில்களிலே இரு நாதஸ்வரக் கலைஞர்கள் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் ஒரே கணத்தில் தொடங்கியதனால் மட்டுமா இறுதிவரை ஒன்றி வாசிக்கின்றனர்? பக்கத்திலே ஒருவர் இடைவிடாது தாளம் போடுகின்றார். இருவரும் அதைக் கேட்டுக் கேட்டுத் தம்மைச் சரிசெய்து கொள்கின்றனர். கணினிகளுக்கும் அத்தகைய தாளம் ஒன்று வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதைச் சிறு கணக்கினாற் காண்போம். ஒவ்வொரு கணினியின் உள்ளும் குவாட்ஸ் படிகம் ஒன்று துடித்துக் காலத்தை அளக்கின்றது. எந்த இரு படிகங்களும் முற்றிலும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. இரண்டுக்குமிடையே இலட்சத்தில் இரண்டு பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். இது சாதாரணமாகக் காணக்கூடிய வேறுபாடே. கலைக்கூடம் எட்டு மணிநேரம், அதாவது 28,800 செக்கன், திறந்திருக்குமாயின், மாலையில் இரு கருவிகளும் அரைச் செக்கனுக்கு மேல் விலகி நிற்கும். அசையும் படமென்பது உண்மையிலே செக்கனுக்கு 25 அசையாப் படங்களின் வரிசை. அவ்வசையாப் படம் ஒவ்வொன்றையும் சட்டகம் என்பர். அரைச் செக்கனுக்கு மேற்பட்ட விலகலென்பது ஏறக்குறைய 14 சட்டகங்களின் பிழை. காலையிலே ஒன்றாயிருந்த படைப்பு மாலையிலே சிதைந்திருக்கும்.

இப்பிழையின் தீமை, அது வெளியே தெரியாதிருத்தலாகும். ஒரு திரை இருண்டுவிட்டால் காவலர் உடனே காண்பார். ஆள் அனுப்பித் திருத்துவார். நேரம் பிசகிய திரையோ அழகாக ஓடிக்கொண்டேயிருக்கும். புதிதாக வந்தவர், இப்படைப்பு இவ்வாறே குழப்பமாக ஆக்கப்பட்டது போலும் என்று எண்ணிப் போய்விடுவார். பிழை கருவியினது; பழி கலைஞர்மீது.

ஆயினும் எல்லாப் படைப்புகளுக்கும் ஒரே அளவு துல்லியம் வேண்டியதில்லை. திரைகள் தத்தம் போக்கில் ஓடலாம் என்று கலைஞர் கருதியிருந்தால் எவ்வித ஏற்பாடும் வேண்டா. காட்சிகள் ஒன்றுக்கொன்று விடையாக மாறுமாயின், ஓரிரு சட்டகப் பிழையைக் கண் பொறுத்துக்கொள்ளும். ஒரே உருவம் இரு திரைகளிலும் பரந்து நிற்குமாயினும், பல திரைகளிலிருந்து ஒரே இசை எழுமாயினும், ஒரு சட்டகப் பிழைதானும் ஆகாது. ஆகவே, கருவி வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இப்படைப்புக்கு எவ்வளவு ஒற்றுமை வேண்டும் என்பதே.

இசையைச் சார்ந்த படைப்புக்குத் தக்க சான்று, ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் க்யார்ட்டன்சன் 2012 ஆம் ஆண்டில் ஆக்கிய 'வருகையாளர்கள்' என்னும் படைப்பு. நியூயோர்க் மாநிலத்திலுள்ள பழைய மாளிகையொன்றிலே இசைஞர்கள் வெவ்வேறு அறைகளில் தனித்திருந்து, காதிலே ஒலி கேட்கும் கருவி பொருத்தி, ஒருவரையொருவர் கேட்டவாறே ஒரு பாடலை ஏறத்தாழ 64 நிமிடம் இசைக்கின்றனர். ஒன்பது திரைகளிலே அவை காட்டப்படுகின்றன. ஒவ்வொரு திரையினருகிலும் அவ்வறையின் ஒலி மேலோங்கிக் கேட்கும். காண்போர் நடந்து திரிந்து, தம் காதினாலேயே அவ்விசையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணைவிடக் காது கூர்மையானது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே ஒரு சட்டகம் பிந்துவது, வாத்தியத்தை 13 மீற்றருக்கு அப்பால் நகர்த்தி வைத்தமைக்கு ஒப்பாகும். இரண்டு மூன்று சட்டகங்கள் பிந்தினால் தாளம் கெடும், கூட்டிசை கூச்சலாகும்.

இனி, ஒற்றுமையை உண்டாக்கும் வழிகளைப் பார்ப்போம். முதலாவது வழி, ஒரே கணினியிலிருந்து பல திரைகளுக்குப் படத்தை அனுப்புதல். எல்லாத் திரைகளின் படங்களையும் ஒரே பெரும் படமாகச் சேர்த்து வைத்துவிட்டால், ஓடும்பொழுது அதனைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு திரைக்கும் அனுப்பலாம். கடிகாரம் ஒன்றேயாதலால் விலகலுக்கு இடமில்லை. மூன்று நான்கு திரைகள் அருகருகே இருந்தால் இதுவே எளிது. திரைகள் மிகுந்தாற் கணினியின் வலு போதாது. தூரம் மிகுந்தாற் சாதாரண வடமும் போதாது.

இரண்டாவது வழி, திரைக்கொரு சிறு கருவியை வைத்து, அவற்றை வலைப்பின்னலால் இணைத்தல். 2012 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் இவ்வழியைக் குறைந்த செலவுடையதாக்கின. ஒரு கருவி தலைமை தாங்கும். மற்றவை படத்தை ஆயத்தம் செய்து, முதற் சட்டகத்தில் நிறுத்திக் காத்திருக்கும். தலைமைக் கருவியின் கட்டளை கிடைத்ததும் யாவும் தொடங்கும். படம் முடிந்தவுடன் எல்லாம் மீண்டும் கூடி, மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். நாம் முன்பு கொண்ட வேறுபாட்டின்படி, பத்து நிமிடப் படத்தில் விலகல் 12 மில்லிச்செக்கன். சட்டகமொன்றின் மூன்றிலொரு பங்குதானும் இல்லை. 64 நிமிடப் படத்திலோ அது ஏறக்குறைய இரண்டு சட்டகமாகிவிடும். ஆகவே குறும்படத்துக்குப் போதுமான இவ்வழி நெடும்படத்துக்குப் போதாது.

நெடும்படத்துக்கு மூன்றாவது வழி வேண்டும். அதுவே நாம் கூறிய தாளம். வலைப்பின்னல் வழியே கடிகாரங்களைப் பொருத்தும் முறையொன்றை டேவிட் மில்ஸ் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனினும் நுண்ணிய முறையொன்று 2002 ஆம் ஆண்டில் நியமமாக்கப்பட்டது. ஒரு கருவி தலைமைக் கருவியிடம் நேரம் கேட்கின்றது; செய்தி போய்வர எடுத்த காலத்திற் பாதியைக் கணக்கிலே சேர்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்துகின்றது. பின்னர் தான் காட்டும் சட்டகம் அந்நேரத்துக்கு உரியதா எனப் பார்த்து, சிறிதே விரைந்தோ தாழ்ந்தோ நடக்கின்றது. போகும் காலமும் வரும் காலமும் ஒத்திருத்தல் இம்முறைக்கு அடிப்படை. கம்பியில்லா இணைப்பிலே அவை கணந்தோறும் மாறுவதால், கம்பி வழி இணைப்பையே கொள்ள வேண்டும்.

ஒரே உருவம் பல திரைகளில் ஓடும்பொழுது இதுவும் போதாது. சட்டகம் ஒன்றேயாயினும், திரைகள் அதனைப் புதுப்பிக்கும் கணம் வேறுபட்டால், ஓடும் குதிரை திரைகளின் எல்லையில் வெட்டுண்டது போலத் தோன்றும். அங்கே ஒரு பொதுத் துடிப்பை எல்லாக் கருவிகளுக்கும் தனி வடத்தால் அனுப்பி, புதுப்பித்தலையும் ஒன்றாக்குவர். செலவு மிக்க வழியாதலால், வேண்டுமிடத்து மட்டுமே இதனை நாடுதல் நன்று.

செய்வோர் மனங்கொள்ள வேண்டியவை இன்னுஞ் சில உள. எல்லாக் கோப்புகளிலும் சட்டகங்களின் எண்ணிக்கை சரிநிகராயிருத்தல் வேண்டும். 25 சட்டகப் படத்தைச் செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையிற் காட்டினால், சில சட்டகங்கள் இருமுறையும் சில மும்முறையும் தோன்றி அசைவு தடுமாறும். 50 முறைக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் இருமுறை தோன்றிச் சீராகும். புரொஜெக்டர்கள் ஒரே வகையினவாயிருத்தல் நலம். ஏனெனில் ஒவ்வொரு வகையும் படத்தைத் திருத்தி வெளியிட வெவ்வேறு நேரம் எடுக்கும். இயலுமாயின் ஒலி முழுவதையும் ஒரே கருவியிலிருந்து பல தடங்களாக அனுப்புக. மின்சாரம் நின்று மீண்டால், எவர் கையும் படாது யாவும் தாமே கூடித் தொடங்குமாறு அமைக்க.

இறுதியாகச் சோதனை. சட்டக எண்ணும், பத்துச் செக்கனுக்கொரு வெண்மின்னலும் கொண்ட சோதனைப் படமொன்றை எல்லாத் திரைகளிலும் ஓடவிட்டு, ஒரே பார்வையில் யாவும் அடங்குமாறு கமராவினாற் படம் பிடித்தால், எண்கள் ஒத்துள்ளனவா என்பது தெரிந்துவிடும். தொடக்கத்திற் செய்யும் சோதனை தொடக்கத்தை மட்டுமே காட்டும். நாள் முழுதும் ஓடவிட்டு மாலையிலே செய்க. காவலரிடமும், இன்ன இடத்தில் எல்லாத் திரைகளும் ஒன்றாக இருள வேண்டும் என்று ஓர் அடையாளத்தைச் சொல்லி வைக்க. நாள்தோறும் அங்கு நிற்பவர் அவரே. அடையாளம் தெரிந்த ஒருவர் அருகிலிருப்பாராயின், கலைஞர் ஊரில் இல்லாத நாளிலும் அவருடைய படைப்பு அவர் கருதியவாறே மக்களைச் சென்றடையும்.