உங்களுக்குத் தெரியுமா? பாட்டன் கட்டிய வீடும் மரபுச் சின்னமாகலாம்!

◆ இலங்கையில் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னங்களாகக் கருதுகிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது.

◆ வன்னித் தலைவன் பண்டார வன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரைத் தாக்கி விரட்டியது 1803இல். அருகிலுள்ள வற்றாப்பளைப் பக்கம் அக்காலச் சுவர் ஏதும் எஞ்சியிருந்தால் அதுவும் இந்த வரையறைக்குள் வரும்.

◆ 1815க்குப் பிந்திய வீடாயின்? நூறு ஆண்டு கடந்திருந்தால், அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்து அதற்கும் பாதுகாப்பு அளிக்கலாம்.

◆ வடக்கில் பேர்போனது நாற்சார் வீடு. நடுவே திறந்த முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், பனைமர வளையும் சிலாகையும் தாங்கும் ஓட்டுக் கூரை. வெப்பக்காற்று முற்றத்தால் மேலெழ, அறைகளுக்குள் குளிர்ச்சி தங்கும். கலியாணமும் செத்தவீடும் அந்த முற்றத்திலேயே நடந்தன.

◆ நல்லூர் மந்திரிமனையை யாழ்ப்பாண அரசின் மந்திரி வாழ்ந்த இடம் என்பது ஊர் வழக்கு. இன்றுள்ள கட்டடத்தில் ஐரோப்பியர் காலக் கலைப்பாணியும் கலந்திருக்கிறது. 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

◆ முல்லைத்தீவுக் கரையோரத்தில் 2004 ஆழிப்பேரலையும், பின்னர் 2009 வரை நீடித்த போரும் ஏராளமான வீடுகளை அழித்தன. எஞ்சிய பழைய வீட்டை இடிக்குமுன் உறுதி, பழைய படங்கள், மூத்தோர் சொல்லும் தகவல்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். வீட்டின் வயதை நிறுவ இவை உதவும். வீட்டின் வயதை நிறுவ இவை உதவும்.